கண்மாய்க் கரையில் ஒரு தீபாவளி

முதல் நாள்: மேலூர்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். காலை ஐந்தரைக்கே மதுரை மாட்டுத்தாவணியில் காரைக்குடிப் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. மடியில் ஜவுளிப்பை, காலடியில் பலகார டப்பா என்று ஊருக்குப் போகிற கூட்டம். என் மடியில் பைனாகுலரும் ஒரு நோட்டும். மேலூரில் சித்தப்பா வீட்டில் இறங்கிக்கொண்டு, நாளை அவரோடு சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்க்குப் பறவை பார்க்கப் போவதாக ஏற்பாடு.

நான்கு நாளாக விட்டுவிட்டு மழை. ஒத்தக்கடை தாண்டியதும் யானைமலை ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. சாலையோர மின்கம்பிகளில், வலசை வரும் தகைவிலான் குருவிகள் நெருக்கமாக உட்கார்ந்திருந்தன. புரட்டாசித் தொடக்கத்தில் இதே வழியில் போனபோது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பார்த்தேன். நம் கணக்கில் ஐப்பசி பிறந்தால் கூதிர்காலம். பறவை பார்க்கிறவர்களுக்கு அது பிறந்துவிட்டது என்று முதலில் சொல்வது இந்தக் கம்பிகள்தான்.

மத்தியானம் வெயில் எட்டிப் பார்த்ததால் சித்தப்பாவின் வண்டியில் அரிட்டாபட்டி வரை போய்வந்தோம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட ஊர். பாறைமேல் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், ஒரு ஷாஹீன் வல்லூறு ஒரே ஒருமுறை குன்றின் நெற்றியை உரசியபடி போனது. மூன்று விநாடி இருக்கும். எனக்கு அது போதும். சித்தப்பாவுக்குத்தான் ஏமாற்றம்.

இரவு திண்ணையில் சித்தப்பா கேட்டார்: "ஏப்பா, நாளைக்குப் பாக்கப் போற பறவையெல்லாம் ஆஸ்திரேலியாவுலருந்து வருதுங்கிறாங்களே, நெசமா?"

இந்தக் கேள்விக்காகவே நான் காத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் செய்திகளில் இப்படித்தான் எழுதுகிறார்கள். சைபீரியா, ஆஸ்திரேலியா என்று தூரமான பெயரைச் சொன்னால்தான் பறவைக்கு மரியாதை என்று யாரோ முடிவுசெய்துவிட்டார்கள். "நாளைக்கு அங்க வச்சுச் சொல்றேன் சித்தப்பா, கண்ணால பாத்தாப் புரியும்" என்றேன்.

இரண்டாம் நாள்: வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி

நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தோம். திருப்பத்தூர் சாலையில் ஒரு டீக்கடை மட்டும் விளக்குப் போட்டிருந்தது. சாலையை விட்டு ஊருக்குள் திரும்பியதும் கண்மாய் இருக்கும் திசையை முதலில் மூக்குதான் சொன்னது. மீன் கவிச்சியும் எச்சத்தின் காரமும் ஈர மண்ணும் கலந்த வாடை. அடுத்து சத்தம். இருட்டில் நூற்றுக்கணக்கான தொண்டைகள் கரகரத்துக்கொண்டிருந்தன. நடுநடுவே மரப்பலகையைத் தட்டுவதுபோல் ஒரு டக்டக்டக்.

"இதென்ன தட்டுது?" என்றார் சித்தப்பா.

நாரை. நத்தை குத்தி நாரைக்கு வளர்ந்தபின் சொல்லிக்கொள்ளும்படியான குரல் கிடையாது. இணை கூட்டுக்குத் திரும்பும்போது அலகை அடித்துத்தான் வரவேற்கும்.

வேட்டங்குடி சரணாலயம் என்பது மூன்று பாசனக் கண்மாய்கள்: பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி. 1977இல் சரணாலயமானது. மொத்தம் 38.4 ஹெக்டேர்தான். சுற்றிப் பார்க்க வண்டியும் வழிகாட்டியும் தேவையில்லை. கரைமேல் நடந்தால் போதும், பறவைகள் கைக்கெட்டும் தூரத்தில் என்று சொல்லும்படி இருக்கின்றன. உள்வாயில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள்தான் அவற்றின் ஊர். நான் சொல்வது நாட்டுக்கருவேல். மாதக்கணக்கில் முழங்கால் தண்ணீரில் நின்றாலும் அழுகாமல் தாங்குகிற மரம். முள் இருப்பதால் பூனை ஏறத் தயங்கும், சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் நரியும் நெருங்காது. கூடு கட்ட இதைவிட நல்ல இடத்தை யார் தேடித் தர முடியும்?

ஐந்தே முக்காலுக்கு வானம் சாம்பலானது. அப்போது நடந்ததை நான் நின்றுகொண்டேதான் பார்த்தேன், உட்காரத் தோன்றவில்லை. வெளியிலிருந்து வக்கா என்னும் இராக்கொக்குகள் திரும்பத் தொடங்கின. "வக்... வக்..." என்று ஒற்றைச் சொல்லாகக் கூப்பிட்டபடி தலைக்குமேல் வந்து மரங்களுக்குள் விழுந்தன. இரவெல்லாம் வயலிலும் வாய்க்காலிலும் மீன் பிடித்துவிட்டு வருகிறவை. அவை உட்கார்ந்த அதே கிளைகளிலிருந்து கொக்குகள் கிளம்பின. முதலில் ஐந்தாறு. அப்புறம் ஐம்பது. அதன்பிறகு எண்ண முடியவில்லை, வெள்ளைத் துணியை உதறியதுபோல் ஒரே விரிப்பாகக் கிழக்கே போயின. இரவுக்காரர்கள் உள்ளே வர, பகல்காரர்கள் வெளியே போனார்கள். இந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் நாலே முக்காலுக்கே கிளம்பி வந்தோம். ஏழு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு இது கிடைக்காது.

வெளிச்சம் வந்தபின் ஒரே ஒரு மரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். கண்மாய் முழுவதையும் ஒரே நேரத்தில் பார்த்தால் எதையும் பார்க்க மாட்டோம். அந்த மரத்தில் 11 கூடுகள். உச்சியில் சாம்பல் நாரை இரண்டு கூடு. அதற்குக் கீழே நத்தை குத்தி நாரை ஐந்து. ஓரக் கிளைகளில் வெள்ளை அரிவாள்மூக்கன் இரண்டு. இலை அடர்ந்த உள்பக்கத்தில் வக்கா ஒன்று, சின்னக் கொக்கு ஒன்று. பக்கத்து மரத்தில் நீர்க்காகங்கள். உயரத்தைப் பங்கு போட்டு, ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் இன்னொருவர் தலைவாசல் என்று குடியிருக்கிறார்கள்.

சண்டை இல்லாமல் இல்லை. ஒரு நத்தை குத்தி நாரை குச்சி தேடப் பறந்தது. அது போனதும் அடுத்த கூட்டு நாரை கழுத்தை நீட்டி, இந்தக் கூட்டிலிருந்து ஒரு நல்ல குச்சியாகப் பார்த்து உருவிக்கொண்டது. போனது திரும்பி வந்து, கொண்டுவந்த குச்சியைச் செருகிவிட்டு மறுபடி பறந்தது. மறுபடி ஒன்று உருவப்பட்டது. அரைமணி நேரத்தில் இப்படி நான்கு முறை. ஆனால் ஐந்தில் மூன்று கூடுகளில் இந்தப் பரபரப்பே கிடையாது. ஒன்று அசையாமல் படுத்திருக்க, இன்னொன்று பக்கத்தில் நின்றது. முட்டை வைத்துவிட்டன. இரண்டிலிருந்து நான்கு வரை இடும். அடைகாப்பு ஏறக்குறைய 25 நாள். ஆணும் பெண்ணும் மாறிமாறி உட்காரும்.

இங்கேதான் சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் சொன்னேன். கூட்டில் உட்கார்ந்திருக்கிற எதுவும் ஆஸ்திரேலியாவிலிருந்து வரவில்லை. சைபீரியாவிலிருந்தும் வரவில்லை. நத்தை குத்தி, அரிவாள்மூக்கன், வக்கா, கொக்கு, நீர்க்காகம், கரண்டிவாயன் எல்லாம் இந்த நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து ஒரு கண்மாயிலிருந்து இன்னொரு கண்மாய்க்கு, ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அலைபவை. மழை பெய்து கண்மாய் பெருகினால் கூடு கட்டும். பெருகாவிட்டால் வேறு இடம் போகும், அல்லது அந்த வருடம் குஞ்சு பொரிக்காமலே இருந்துவிடும். உண்மையிலேயே தூர தேசத்திலிருந்து வருகிறவை வேறு. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. குளிர்காலத்தைத் தின்று கழிக்க வருகின்றன, பங்குனி வாக்கில் திரும்பிப்போய்த் தங்கள் ஊரில்தான் முட்டையிடும்.

"அதுகளையும் காட்டு" என்றார்.

கரையின் வடகோடியில் தண்ணீர் விரலளவாக இளைத்து, புல்லும் சேறுமாக இருந்த இடத்துக்கு நடந்தோம். அங்கே பொரி உள்ளான்கள் ஏழு, வாலை ஆட்டி ஆட்டிச் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் அடங்குகிற பறவை. வட ஐரோப்பா, வட ஆசியாவின் சதுப்புகளில் பிறந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. கொஞ்சம் தள்ளி ஆழத்தில் நீலச்சிறகிகள் நான்கு. சீமைக்கருவேல் புதருக்குள்ளிருந்து "செக்... செக்..." என்று ஒரு குரல். பிளித் நாணல் கதிர்க்குருவி. ஆளைப் பார்ப்பது கஷ்டம், ஆனால் ஐப்பசியில் இந்தச் சத்தம் கேட்காத புதர் நம் பக்கத்தில் அபூர்வம். சித்தப்பா காதைத் தீட்டிக் கேட்டார். "இது நம்ம வீட்டுக் கொல்லையிலயும் கத்துமே! பல்லின்னுல்ல நினைச்சேன்" என்றார். இந்த மூன்று நாளில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று. ரஷ்யாவில் பிறந்த குருவி ஒன்று இத்தனை வருடமாக அவர் கொல்லையில் குளிர்காலத்தைக் கழித்திருக்கிறது, அது அவருக்கு இன்றைக்குத் தெரிந்துவிட்டது.

அவரும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். மடை எது, மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு எது, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் எங்கிருந்து வருகிறது என்று கரையில் நின்று கை நீட்டிக் காட்டினார். அவருடைய மேலூர் வயலுக்குப் பெரியாறு கால்வாய்த் தண்ணீர் வரும். ஆனாலும் கண்மாய் பார்க்கிற கண் அவருக்கு இருக்கிறது. மேலே உள்ள கண்மாய் நிறைந்து கலுங்கில் விழுந்தால்தான் கீழே உள்ளதற்குத் தண்ணீர். நடுவில் வரத்துக்கால் ஓரிடத்தில் தூர்ந்தாலோ, யாராவது வரப்பை நகர்த்தினாலோ கீழே இருக்கும் கண்மாய் காய்ந்துபோகும். "வெடி போடாம இருக்கது பெருசுதான். ஆனா வரத்துக்கால வெட்டி விடலேன்னா இந்த நாரை எங்கிட்டுப் போகும்?" என்றார். பறவை பார்க்கிற நாங்கள் மரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அவர் பார்த்தது தரையை. அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

வெடி விஷயம் இதுதான். கொள்ளுகுடிப்பட்டியிலும் பக்கத்து ஊரிலும் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் இல்லை. சட்டம் வந்து சொன்னதல்ல, ஊர் கூடி எடுத்த முடிவு. இதைப் படித்திருக்கிறேன், கேள்விப்பட்டிருக்கிறேன். ஏன் அது அவ்வளவு முக்கியம் என்று எனக்குப் புரிந்தது இன்று ஒன்பதரை மணிக்கு.

வெளியூர் வேன் ஒன்று கரையோரம் வந்து நின்றது. இறங்கியவர்கள் தங்கள் ஆள் ஒருவரைக் கூப்பிட, ஓட்டுநர் காற்று ஹாரனை நீளமாக அடித்தார். அவ்வளவுதான். நாரைகள் தலையைத் தூக்கின, ஆனால் படுத்தவை எழவில்லை. கொக்குகளும் வக்காக்களும் மொத்தமாக எழும்பிவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்த மரத்தில் சின்னக் கொக்கின் கூடு திறந்து கிடந்தது, வெளிர்நீலப் பச்சையாக மூன்று முட்டை. எங்கிருந்தோ ஒரு காகம் வந்தது. அது அங்கேயே எங்கேயோ காத்திருந்திருக்க வேண்டும். ஒரு முட்டையை அலகில் கவ்விக்கொண்டு பனைமரப் பக்கம் போய்விட்டது. கொக்கு திரும்பி வந்து, மிச்சம் இரண்டின்மேல் உட்கார்ந்தது. எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

ஒரு ஹாரனுக்கே இப்படி என்றால், விடிய விடிய வெடிக்கிற ஒரு தீபாவளி இரவில் என்ன ஆகும்? இருட்டில் கலைந்த பறவைக்குத் தன் கிளை திரும்பத் தெரியாது. கூட்டிலிருந்து தண்ணீரில் விழுந்த குஞ்சைத் தாய் கீழே வந்து ஊட்டாது. அந்த வருடத்து உழைப்பு ஒரே இரவில் போய்விடும்.

ஓட்டுநரிடம் ஏதாவது சொல்லலாம் என்று நான் கரையை விட்டு இறங்குவதற்குள் ஊருக்குள்ளிருந்து ஒரு பாட்டி வந்துவிட்டார். கையில் அதிரச மாவு ஒட்டியிருந்தது. சத்தம் போடவில்லை. "தம்பி, இங்க ஆரன் அடிக்கக் கூடாதுய்யா. பிள்ளத்தாச்சிக இருக்க எடம்" என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டு வண்டியை உருட்டிக்கொண்டே போய் ஊர் முனையில் நிறுத்தினார்.

பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். தான் வாக்கப்பட்டு வந்த காலத்திலேயே இங்கே வெடி இல்லை என்றார். சின்ன வயதில் பிறந்த ஊரில் வெடித்தது ஞாபகம் இருக்கிறதாம். பிள்ளைகள் கேட்டு அழமாட்டார்களா என்றேன்.

"கேக்கும். மத்தாப்பு வாங்கிக் குடுப்போம். அதுவும் வீட்டுக்குள்ள முத்தத்துல. பெத்த மக தலப்பிரசவத்துக்கு வந்து படுத்திருந்தா பக்கத்துல வெடி போடுவமா? இதுகளும் அப்பிடித்தான். பெத்துப் பெழச்சு பிள்ளையக் கூட்டிக்கிட்டுப் போறவரைக்கும் நம்ம பொறுப்பு."

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் காலையிலிருந்து பறவையியல் பாஷையில் சுற்றிச் சுற்றிச் சொன்னதைப் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிட்டார். இந்தப் பறவைகளை விருந்தாளி என்று செய்திகளில் எழுதுகிறார்களே, அந்தச் சொல் இங்கே பொருந்தவே இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மகளை யாரும் விருந்தாளி என்று சொல்வதில்லை.

பாட்டி எங்களை விடவில்லை. அதிரசமும் டீயும் கொடுத்தார். எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர் பாயும் வயலுக்கு உரம் குறைவாகப் போட்டால் போதும் என்று பாட்டியின் மகன் சொன்னார். தழைச்சத்தும் மணிச்சத்தும் அந்த எச்சத்தில் இருக்கின்றன என்பது உண்மை. மீனையும் நத்தையையும் எங்கெங்கோ தின்றுவிட்டு, சத்தை இங்கே கொண்டுவந்து கொட்டுகின்றன. தீபாவளிக்கு முன்னால் வனத்துறையினர் வந்து ஊருக்கு இனிப்புக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாம்.

பதினொரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. பறவை பார்க்கும் கோபுரத்தடியில் ஒதுங்கினோம். பைனாகுலர் கண்ணாடியில் ஆவி படிந்து அடுத்த இரண்டு மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. வெறுங்கண்ணால் பார்த்தவரை, அத்தனை நாரைகளும் சிறகைக் கொஞ்சம் விரித்து, கூட்டை மூடி, குனிந்து நனைந்துகொண்டிருந்தன.

மழை விட்டதும் வயல் பக்கம் நடந்தோம். இங்கேதான் நத்தை குத்தியின் அலகை அருகிலிருந்து பார்க்க முடிந்தது. மேலலகும் கீழலகும் அடியிலும் நுனியிலும்தான் சேரும், நடுவில் ஒரு சந்து. குஞ்சாக இருக்கும்போது அந்தச் சந்து இருக்காது, வளர வளரத்தான் விழும். அந்தச் சந்தில் வைத்துத்தான் நத்தையை உடைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நடவு வயலின் கலங்கல் தண்ணீரில் தலையைக் கழுத்துவரை முக்கி, அலகின் கூரிய நுனியை நத்தையின் மூடிக்கு அடியில் செருகி, ஓட்டோடு பிடித்திருக்கும் தசையை அறுத்து, சதையை மட்டும் உருவி எடுக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு நாரை மூன்று நத்தைகளை முடித்தது. சித்தப்பா இறங்கிப்போய் ஓடுகளை எடுத்துவந்தார். இரண்டு ஓட்டில் கீறல்கூட இல்லை. அவற்றைத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பேத்திக்குக் காட்ட.

மாலை ஐந்தரையிலிருந்து திரும்பி வரும் கூட்டம். காலையில் பார்த்த அதே காட்சி தலைகீழாக. கரண்டிவாயன்கள் ஒன்பது, கழுத்தை நீட்டி வரிசை கலையாமல் வந்து இறங்கின. பாம்புத்தாரா ஒன்று பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. பட்ட மரங்கள் கொஞ்சம் அதிகமாகவே கண்ணில் பட்டன. அவற்றின் இடத்தில் புதுக் கருவேலங்கன்றுகள் இப்போதே எழும்பினால்தான் இன்னும் பதினைந்து இருபது வருடத்தில் கூட்டுக்குக் கிளை இருக்கும்.

இரவு ஊரிலேயே தங்கச் சொல்லிவிட்டார்கள். பாட்டி வீட்டுத் திண்ணையில் பாய்.

மூன்றாம் நாள்: தீபாவளி

அமாவாசையை ஒட்டிய இருட்டு. மூன்று மணிக்கு விழித்தபோது வக்காக்களின் குரல் மட்டும் வயல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. திருப்பத்தூர்த் திசையில் அடிவானம் அவ்வப்போது ஒளிர்ந்து அடங்கியது. அந்த வெடிச்சத்தம் இங்கே வந்து சேரும்போது, யாரோ தூரத்தில் நெல் குத்துகிற அளவுக்குத்தான் இருந்தது.

நாலு மணிக்கு வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கியது. நல்லெண்ணெய், சீயக்காய் வாசனை. புதுச்சட்டையின் விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இரண்டு சிறுவர்கள் தெருவில் ஓடினார்கள். முற்றத்தில் மத்தாப்பு, சத்தமில்லாமல் வெள்ளையாக எரிந்தது. ஐந்தரைக்கு இட்லியும் கறிக்குழம்பும். சாப்பிடாமல் கரைக்குப் போகக் கூடாது என்று பாட்டி உத்தரவு.

பேருந்துக்கு நேரம் இருந்தது. கடைசியாக அந்த மரத்தடிக்குப் போய் நின்றேன். சின்னக் கொக்கு மிச்சமிருந்த இரண்டு முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. நத்தை குத்தி ஒன்று எழுந்து, குனிந்து, அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்தது. அதன் இணை கிழக்கிலிருந்து வந்து இறங்கியது. இரண்டும் தலையை மேலும் கீழும் ஆட்டி அலகைத் தட்டிக்கொண்டன. நின்றது படுத்தது, படுத்திருந்தது பறந்தது.

சித்தப்பா என் கையிலிருந்த நோட்டை வாங்கி, மணியைப் பார்த்து, அவரே எழுதினார்: "6.40. ஆள் மாறியாச்சு."